தலையணையை அடுக்காதீர்கள், கட்டிலை உயர்த்துங்கள்

(கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களின் உடல்நலம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், தோட்ட மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் இனிப்புநீரைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் பேசினார்கள். எனக்குக் கிடைத்த தலைப்பு நெஞ்செரிச்சல். இதில் பேச என்ன இருக்கிறது, கடையில் ஒரு பொட்டலம் ஈனோ வாங்கிக் கலக்கிக் குடித்தால் போதாதா என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அந்த நினைப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஈஜோக்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை எந்த லயத்துக்குப் போய்க் கேட்டாலும் நம்மவர்களுக்கு ஒரு நோய் இருக்கும். அதன் பெயர் "கேஸ்டிரிக்". வயிற்றில் புண் வந்தாலும் கேஸ்டிரிக், பித்தப்பையில் கல் இருந்தாலும் கேஸ்டிரிக், சாப்பிட்டது செரிக்காவிட்டாலும் கேஸ்டிரிக். மாரடைப்பு வந்து வியர்த்துக் கொட்டும்போதுகூட "ஒன்றும் இல்லை, காற்று அடைத்திருக்கிறது, முதுகைத் தேய்த்துவிடு" என்கிறோம். ஒரே பெயரை இத்தனைக்கும் வைத்துவிட்டதால் எதற்கு எந்த மருந்து என்பதும் குழம்பிப் போய்விடுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இவற்றில் ஒன்றை மட்டும்தான். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி நெஞ்சை எரிப்பது, அதிலும் குறிப்பாக இரவில் படுத்த பிறகு எரிப்பது.

பழைய தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. எதுக்களித்தல் என்பார்கள். சாப்பிட்டது தொண்டைவரை வந்து புளித்துவிட்டுத் திரும்பிப் போவது. என் பாட்டி காலத்தில் எல்லாரும் சொன்ன சொல். கேஸ்டிரிக் வந்ததும் அது போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நாம் விழுங்கும் உணவு நெஞ்சுக்குள் இருக்கும் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு இறங்குகிறது. குழாயும் பையும் சேரும் இடத்தில் சுருக்குப் பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு வரும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். இரைப்பைக்குள் இருப்பது கடுமையான அமிலம். இரைப்பையின் உட்சுவர் அதைத் தாங்கும்படி அமைந்தது. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. வளையம் தளர்ந்து, வேளை கெட்டுத் திறந்தால், அமிலம் மேலே வருகிறது, குழாய் வெந்துபோகிறது.

பகலில் இது நடந்தாலும் நம்மைக் காப்பாற்ற இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் புவியீர்ப்பு. நாம் நிற்கிறோம், உட்காருகிறோம், ஆகவே மேலே வந்தது தானாக வடிந்துவிடும். இன்னொருவர் எச்சில். விழித்திருக்கும்போது நம்மை அறியாமலே அடிக்கடி எச்சிலை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். எச்சிலில் இருக்கும் காரத்தன்மை மிச்சம் மீதி அமிலத்தை முறித்துவிடும். தூங்கிய பிறகு எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, விழுங்குவதும் அரிதாகிவிடுகிறது. மல்லாந்து படுத்துவிட்டால் புவியீர்ப்பின் உதவியும் போயிற்று. காவலர் இருவரும் இல்லாத வீட்டில் திருடன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பான் அல்லவா? அதுதான் இரவில் நடப்பது. பகலில் சில நிமிடங்களில் வடிகிற அமிலம் இரவில் வெகுநேரம் அங்கேயே தேங்கிக் கிடக்கும்.

எல்லாருக்கும் எரிச்சலாகவே தெரியும் என்றும் இல்லை. சிலருக்கு இரவில் வறட்டு இருமல், காலையில் குரல் கம்மல், வாயில் கசப்பு, தூக்கத்தில் திடீரென்று மூச்சு முட்டி எழுந்து உட்காருவது என்று வரும். இருமல் மருந்து போத்தல் போத்தலாகக் குடித்தும் இருமல் அடங்காதவர்களில் சிலருக்கு நோய் நெஞ்சுச் சளியில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

இதில் நாம் இந்தியர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள், செரிமானக் கோளாறோடு வந்த 1,000 பேருக்குக் குழாய் விட்டுப் பார்த்துச் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மூன்று இனத்தாரும் இருந்த அந்தக் கூட்டத்தில் இந்த நோய் இந்தியர்களிடம்தான் அதிகமாகக் காணப்பட்டது. உடனே காரக் குழம்பின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். பருமன், மது, புகை என்று பலவும் அந்தக் கணக்கில் வருகின்றன. காரம் ஒத்துக்கொள்ளாதவர் குறைத்துக்கொள்ளட்டும். ஒத்துக்கொள்பவரைப் பத்தியம் என்ற பெயரில் வாட்ட வேண்டியதில்லை.

நம் தோட்டங்களின் வேலையும் இதற்கு ஒரு காரணம். செம்பனை இந்த நாட்டில் வாணிபப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது நம் வட்டாரத்தில்தான். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் ஆங்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம், புகழ் செம்பனைக்கு! அங்கு தொடங்கியது பிறகு நாடெங்கும் பரவி, இரப்பர் மரங்கள் விழுந்து, வேலையின் தன்மையே மாறியது. பால்மரக் காட்டில் நடை அதிகம். செம்பனையில் குலை தூக்குவது, குனிந்தபடியே உதிரிப்பழம் பொறுக்குவது என்று வயிற்றை மடக்கும் வேலை அதிகம். பசியாறிய கையோடு குனிந்து பழம் பொறுக்கினால் வயிறு அழுத்தப்பட்டுப் புளிப்பு மேலே வரத்தான் செய்யும். பசியாறிய பிறகு முதலில் நடக்கிற வேலையைப் பார்த்துவிட்டுக் குனிகிற வேலையைச் சற்றுத் தள்ளி வைக்க முடிந்தால் நல்லது. முடிகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

வேலையை மட்டும் சொல்லிப் பயனில்லை. சாப்பாட்டு நேரமும் மாறிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற காலத்தில் பொழுது சாய்ந்ததும் சாப்பாடு, எட்டு மணிக்கெல்லாம் லயத்தில் விளக்கு அணைந்துவிடும். இன்று பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரவே எட்டு, ஒன்பது ஆகிறது. அவர்களுக்காகத் தாய் காத்திருக்கிறார். தொடர் நாடகம் முடிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து வயிறு நிறையச் சோறு, அடுத்த அரை மணி நேரத்தில் படுக்கை. சிலர் அதற்கும் பிறகு மாமாக் கடைக்குப் போய் ஒரு மேகி கோரேங், ஒரு தே தாரிக். நிரம்பிய பையை வாய் கட்டாமல் கிடத்திவைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது வேண்டும். குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுவதை விட முடியாது என்றால், அது நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். மாலை ஆறு மணிக்குச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சிறு அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரவில் எரிகிறது என்றதும் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? தலையணை மேல் தலையணை. இரண்டு போதாவிட்டால் மூன்று. பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்; தலை மட்டும் நிமிர்ந்திருக்கும், கழுத்து ஒடிந்திருக்கும், இடுப்பில் உடல் இரண்டாக மடிந்திருக்கும். இது நன்மைக்குப் பதில் கெடுதல். தலை உயர்ந்தால் போதாது. உயர வேண்டியது நெஞ்சு. இடுப்பில் மடிந்தால் வயிறு அழுத்தப்படும். அழுத்தினால் எது வெளியே வரும்? நாம் தடுக்க நினைத்த அதே அமிலம்தான். போதாக்குறைக்கு நள்ளிரவில் தலையணை ஒன்று நழுவிக் கீழே விழும், நீங்கள் மறுபடியும் தட்டையாகக் கிடப்பீர்கள், காலையில் கழுத்துவலியும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது கட்டிலை உயர்த்துவது. தலைமாட்டில் இருக்கும் இரண்டு கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டைகளை வையுங்கள். அடி, அங்குலம் பேசுகிறவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு அங்குலம். கால்மாட்டை அப்படியே விட்டுவிடுங்கள். கட்டில் முழுவதும் ஒரே சரிவாக இருக்கும், உடல் எங்கும் மடியாது, இடுப்பிலிருந்து தலைவரை மெல்ல ஏறிப் போகும். பெரிய மலை ஏற்றம் எல்லாம் இல்லை. ஆறடிக் கட்டிலில் இந்த உயரம் ஐந்து, ஆறு பாகைச் சரிவுதான். ஆனால் அமிலம் கீழே வடிவதற்கு அந்தச் சரிவே உதவுகிறது.

இது பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். காஷ்மீரில் ஸ்ரீநகர் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2012-இல் எழுதினார்கள். இரவு நேர எதுக்களிப்பு உள்ளவர்களை, தலைமாட்டில் 20 சென்டிமீட்டர் கட்டை வைத்த கட்டிலில் சில இரவுகள் தூங்கவைத்து, உணவுக்குழாய்க்குள் அளவுமானியையும் வைத்துப் பார்த்தார்கள். அமிலம் தேங்கி நின்ற நேரம் குறைந்தது. பலருக்குத் தூக்கமும் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆளுக்கு ஆள் பலன் வேறுபடும், எல்லாருக்கும் தீர்ந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் இரண்டு மரக்கட்டையில் முடிகிற வைத்தியம். அதைச் செய்து பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் விபத்து நடக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் செங்கல்லை வைத்து அதன்மேல் இரும்புக் கட்டில் காலை நிறுத்தினால் இரவில் புரண்டு படுக்கும்போது நழுவும். மரப்பலகைக் கடையில் கனமான கட்டை இரண்டு துண்டு வெட்டி வாங்குங்கள். கட்டில் கால் உட்காரும் அளவுக்கு நடுவில் ஒரு பள்ளம் குடைந்துவிடச் சொல்லுங்கள். கட்டையின் அடியில் பழைய டயர்த் துண்டை ஆணியடித்துவிட்டால் நகராது. தலைமாடு சுவரோடு ஒட்டி இருக்கட்டும். சக்கரம் வைத்த கட்டில் என்றால் முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள். பிள்ளைகளின் இரட்டை அடுக்குக் கட்டிலுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம், அது கவிழ்ந்துவிடும். முதல் இரவே எட்டு அங்குலம் வைத்தால் கீழே சறுக்குவது போல இருக்கும். நான்கு அங்குலத்தில் தொடங்கிச் சில நாட்கள் பழகியபின் ஏற்றுங்கள். பளபளக்கும் சாட்டின் விரிப்பை எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பைப் போடுங்கள், சறுக்கல் பாதி குறையும்.

கட்டிலே இல்லை, கூடத்தில் மெத்தையைப் போட்டுத்தான் படுக்கிறோம் என்பவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கும் வழி உண்டு. இடுப்பிலிருந்து தலைவரை நீளம் வருகிற ஒரு தடித்த பிளைவுட் பலகையை மெத்தைக்கு அடியில் நுழைத்து, தலைப்பக்கம் மட்டும் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். பலகையின் கீழ் விளிம்பு இடுப்புக்கு அடியில் வர வேண்டும். வயிற்றுக்கு நேராக வந்தால் மறுபடியும் மடிப்புத்தான். கடைகளில் ஆப்பு வடிவத்தில் நுரைமெத்தை விற்கிறார்கள். அதுவும் இதே தத்துவம்தான். வாங்க முடிந்தவர் வாங்கலாம். முதுகு முழுவதும் அதன்மேல் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஒரே கட்டிலில் படுக்கும் கணவன் மனைவிக்குள் இதனால் தகராறு வருகிறது என்பதும் உண்மைதான். "டிரஸ்ஸரையா, அவருக்கு நோய், நான் ஏன் சறுக்கணும்?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த மாதிரி வீட்டில் ஆப்பு மெத்தைதான் சமரசம்.

எந்தப் பக்கம் படுப்பது என்றும் கேட்பார்கள். இடப்பக்கம். இரைப்பை நம் உடலில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. இடது தோள் கீழே வரும்படி படுத்தால் இரைப்பை தாழ்ந்தும் குழாயின் வாய் உயர்ந்தும் இருக்கும். வலப்பக்கம் படுத்தால் தலைகீழ். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இடப்பக்கம் படுத்திருக்கும்போது அமிலம் விரைவாக வடிந்துவிடுவதை அளந்து காட்டினார்கள். நம் சித்தர் தேரையரின் நோயணுகா விதியிலும் இடப்பக்கம் படுக்கச் சொல்லியிருப்பதை அரங்கில் இருக்கும் தமிழாசிரியர்கள் அறிவார்கள்.

சில எச்சரிக்கைகள் உண்டு, இவற்றை அலட்சியமாக எண்ண வேண்டாம். தட்டையாகப் படுத்தால் எரிச்சல் இல்லை, மூச்சு வாங்குகிறது, அதனால்தான் மூன்று தலையணை என்று ஒருவர் சொன்னால் அது வேறு கதை. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளமாக அது இருக்கலாம். காலிலும் வீக்கம் கண்டால் கட்டை தேடிக்கொண்டு இருக்காதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். அதேபோல் நடந்தால், படியேறினால், குலை தூக்கினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் விடுகிறது என்றால் அது இதயம். நெஞ்சுவலியோடு வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் என்று வந்தால் ஈனோ கலக்கும் நேரத்தில் 999-ஐ அழையுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல் மாரடைப்பு வரும். ஆகவே அவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இதயம் என்றே எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ அருகில் இருக்கும் மருத்துவமனைக்கோ போய் இசிஜி எடுத்துப் பாருங்கள். வெறும் வாயு என்று சொல்லி அனுப்பினால் மகிழ்ச்சியோடு திரும்பி வரலாம்.

கைக்குழந்தைகளுக்கு இந்த வைத்தியம் கூடவே கூடாது. பால் கக்குகிறது என்பதற்காகத் தொட்டிலைச் சாய்ப்பதோ தலையணை வைப்பதோ வேண்டாம். தலை முன்னால் கவிழ்ந்து மூச்சு அடைபடும். குழந்தை தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் கண்டிப்பான அறிவுரை.

கர்ப்பிணிப் பெண்களுக்கு நெஞ்செரிச்சல் சர்வசாதாரணம். அவர்களுக்குக் கட்டையும் இடப்பக்கப் படுக்கையும் நன்றாக உதவும்.

ஈனோவையும் சோடாவையும் பற்றிக் கேட்டீர்கள். குடித்ததும் பெரிய ஏப்பம் வரும், சுகமாக இருக்கும். ஆனால் அந்த ஏப்பம் வெளியேற வளையம் திறந்தாக வேண்டும், திறந்தால் அமிலமும் கூடவே வரும். ஈனோவில் சோடியம் உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தினந்தோறும் குடிப்பது சரியல்ல. சிகரெட்டும் மதுவும் வளையத்தைத் தளர்த்தும். அதை விளக்க வேறொரு நிகழ்ச்சி வேண்டும்.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரும் பார்ப்பார், மருந்தும் கிடைக்கும். ஆனால் ஒமெப்ரசோல் மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் பாதிப் பலன்தான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். விடியற்காலையில் வெறும் வரக்காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போய் ஒன்பது மணிக்குப் பசியாறுகிறவர்கள் எட்டரைக்கு மாத்திரையைப் போடுங்கள், பையில் வைத்துக்கொண்டு போங்கள். முட்டிவலிக்குக் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரைகள் வயிற்றையும் குழாயையும் புண்ணாக்கும். எந்த மாத்திரையானாலும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி உடனே படுக்காதீர்கள். ஒரு குவளை நிறையக் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். பாதி வழியில் ஒட்டிக்கொண்ட மாத்திரை குழாயையே அரித்துவிடும்.

விழுங்கும்போது சோறு நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, இரத்த வாந்தி, இரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக எரிச்சல் தொடங்கினாலும் அப்படித்தான். பல ஆண்டுகள் வெந்த குழாயில் சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் வருவதுண்டு. குழாய் விட்டுப் பார்ப்பதற்குச் சுங்கை பூலோவுக்கோ கிள்ளானுக்கோ எழுதிக்கொடுப்பார்கள். குழாய் என்றதும் பயந்து தேதியைத் தள்ளிப் போடுகிறவர்கள் நம்மில் அதிகம். சில நிமிட வேலை அது. தொண்டையை மரக்கச் செய்துவிட்டுத்தான் விடுவார்கள்.

மற்றவர்கள் இன்றிரவே தொடங்கலாம். இரண்டு வாரம் கட்டிலைச் சரித்துப் படுத்து, சாப்பாட்டு நேரத்தையும் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். எத்தனை இரவு எரிச்சலில் விழித்தீர்கள் என்று நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்து வாருங்கள். புள்ளி குறைந்தால் கட்டை அங்கேயே இருக்கட்டும். குறையவில்லை என்றால் அந்த நாட்காட்டித் தாளையும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில வளையத்தைத் தளர்த்தக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றித் தர முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.